இல்லாத கையும் மூன்று கால் சூட்டியும்

நாய்க்கு வீடு தேடிக் கொடுப்பதும் கலியாணத் தரகு மாதிரித்தான். என்ன, இந்த மாப்பிள்ளைக்குத் தன் குறையை மறைக்கத் தெரியாது. வெள்ளவத்தையில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்காவது நான் சொல்வது விளங்கும்.

காது மடங்கியது

சூட்டி என்கிற நாயை ஒருகொடவத்தையிலிருந்து ஒரு லொறி டிரைவர் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். பின்னங்கால் ஒன்று வண்டிச் சில்லில் நசுங்கியிருந்தது. டொக்டர் அதைப் பாதித் தொடையோடு எடுத்துவிட்டார். காயம் ஆறிய பிறகு ஒரு மத்தியானம், படுத்திருந்த சூட்டி தலையைச் சரித்தது. மிச்சத் தொடை படபடவென்று ஆடியது. இல்லாத காலால் காதைச் சொறியப் பார்க்கிறது, பாவம் என்று நினைத்தேன். ஆனால் அந்த ஆட்டத்துக்கேற்ப காதும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஃபேனை நிறுத்திப் பார்த்தார். காது அப்போதும் மடங்கியது. ஃபேனைத் திரும்பப் போட்டார். “பிள்ளை, காத்துக்குத்தான் மடங்குது எண்டு வைச்சுக்கொள்ளுவம்.”

கொட்டாஞ்சேனை ஆட்கள்

பம்பலப்பிட்டியிலிருந்தும் பாமன்கடையிலிருந்தும் வந்தவர்கள் மூன்று காலைப் பார்த்ததும் திரும்பிப் போனார்கள். கடைசியாக வந்தது கொட்டாஞ்சேனைக் குடும்பம்: வில்பிரட், மனைவி ஜெசிந்தா, நாய் வேண்டுமென்று அழுது அவர்களை இழுத்துவந்த மகள். துறைமுகத்தில் கம்பியில் சிக்கி வில்பிரட்டின் வலது கை முழங்கையோடு போயிருந்தது.

சூட்டி நொண்டி நொண்டி வந்து, அவர் நீட்டிய இடது கையைக் கவனிக்காமல் வலது பக்கம் போனது. மடித்துக் குத்தியிருந்த சட்டைக் கைக்குக் கீழே, வெறும் காற்றை, விரல் விரலாக நக்கியது. வில்பிரட் சுவரோடு சாய்ந்துவிட்டார். “ஈரமா இருக்கு, மிஸ்.”

திரும்பி வந்தது

சூட்டியைக் கூட்டிக்கொண்டு போய்ச் சில நாள் கழித்து ஜெசிந்தா அதோடு தனியாக வந்து நின்றார். பின்னேரம் ஆனால் அது காற்றை நக்குமாம். கணவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாராம். இவர் மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளித்திருக்கிறார். அதையும் நக்கிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்ததாம். “இருக்கிறவங்களுக்கு வாலாட்டினா சரி மிஸ். இல்லாததுக்கு ஆட்டுற நாய் எங்களுக்கு வேணாம்.”

பொத்திய கை

அடுத்த நாள் காலை நான் கதவைத் திறக்க, வில்பிரட் படியில் இருந்தார். கம்பி இழுத்தபோது கையை இறுக்கிப் பொத்தியிருந்தாராம். கை போன பிறகும் அது விரியவில்லை. இல்லாத நகம் இல்லாத உள்ளங்கையில் குத்திக்கொண்டேயிருந்தது. மருந்துக்கும் கேட்கவில்லை, நேர்ச்சைக்கும் கேட்கவில்லை. சூட்டி நக்க நக்கத்தான் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. நேற்று அது போனதும் திரும்பப் பொத்திக்கொண்டன.

அவரைத் தேடிப் பின்னாலேயே வந்த ஜெசிந்தா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அழுதபடியே என்னிடமிருந்து சூட்டியின் சங்கிலியை வாங்கினார். “வலிக்குதுன்னு ஒரு வார்த்தை எனக்குச் சொன்னீங்களா?”

ஊசி போடப் போனேன்

பிறகொரு நாள் தடுப்பூசி போட அவர்கள் வீட்டுக்குப் போனேன். வில்பிரட் கதிரையில் இருந்து மகளோடு கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சூட்டி குந்தியபடியே நித்திரை. அதன் தாடை எதிலும் படவில்லை. அவருடைய வலது முழங்காலுக்கு மேலே, அந்தரத்தில், தலையணையில் கிடப்பதுபோல் பாரமாகக் கிடந்தது.

நான் ஊசியை எடுத்தேன். ஜெசிந்தா தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தார். “கொஞ்சம் பொறுங்க மிஸ், அது எழும்பட்டும். விறைச்சுப் போனாலும் அவர் கையை எடுக்க மாட்டார்.”

கையில்லாதவருக்குக் காலில்லாத நாயைப் பொருத்தம் பார்த்துக் கொடுத்தோம் என்று டொக்டர் எல்லோரிடமும் பெருமையடிக்கிறார். அந்த வீட்டில் எது இல்லை என்று எனக்குத்தான் இன்னும் நிச்சயமில்லை.