அத்தைக்கு அடித்த தாளம்

அச்சன்புதூரில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த காட்டைத் தென்னந்தோப்பாக்கியது நான். புளியங்குடியில் மூட்டை தூக்கிய கையாலேயே எலுமிச்சை மண்டி வைத்ததும் நான். குற்றாலத்துச் சாரலில் மண்டபம் கட்டினால் சுவர் நிற்காது என்றவர்களை, அதே மண்டபத்துப் பந்தியில் உட்காரவைத்தவனும் நான்தான். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் தலைவைத்துப் படுத்ததில்லை.

அந்த மண்டபத்தில் இப்போது வியாழக்கிழமைதோறும் புற்றுநோய் கண்டவர்கள் கூடி ஆடுகிறார்கள். இடம் என் உபயம். ஆட்டம் நோயைத் தீர்க்காது, ஆனால் மரத்த கை எழும்பும், அசதி குறையும், தூக்கம் வரும் என்றார் நடத்துகிற டாக்டரம்மா. இந்த வட்டாரத்திலேயே இதுதான் முதல்முறை என்றும் சொன்னார். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் அத்தை, அப்பாவின் தங்கை, கும்மியில் முன்பாட்டுக்காரி. நான் சின்னப்பயலாக இருந்தபோது மார்பில் புற்று வந்து, திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் இருந்தாள். ஒரு கை தோளுக்கு மேல் எழும்பாது. தலைசீவிவிட அம்மா வேண்டும். உடம்பை அலட்டினால் புற்று மேலெல்லாம் ஓடிவிடும் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கட்டிலைவிட்டு இறங்கவிடமாட்டார்.

அவர் வயலுக்குப் போனதும் அத்தை கூப்பிடுவாள்.

"ஏலே, அந்த டின்ன எடு. கும்மித் தாளம் அடி."

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து நான் அடிக்கிற அடியில் பக்கத்துவீட்டுக் கோழி முட்டையிட மறந்துவிடும். அத்தை மெல்ல அடியெடுத்துவைத்து, குனிந்து நிமிர்ந்து கை கொட்டுவாள். நாளாக நாளாகக் கை மேலே ஏறியது. ஒருநாள் தன் கொண்டையைத் தானே போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கும்மியடித்தபோது அவளும் வட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். அப்பா ஓடிவந்தார்.

"ஏட்டி, சாகவா இந்த ஆட்டம் ஆடுத?"

"ஆடையிலதாண்ணே நோவு மறக்குது. இந்த ஒரு சுத்து ஆடிட்டு வாரேன்."

அப்பா விடவில்லை. டின்னும் பரணுக்குப் போய்விட்டது. சத்தம் பிடிக்காமல் ஒளித்துவைத்தார் என்று நினைத்தேன். அவர் பயந்துபோயிருந்தது எனக்கு எங்கே தெரியும்?

அத்தையின் கை மறுபடி இறங்கிவிட்டது. சோறும் தூக்கமும் போயின. நோய் எப்படியும் கொண்டுபோயிருக்கும். விட்டிருந்தால் அதற்குள் நாலு நாள் சந்தோஷமாக ஆடியிருப்பாள். கடைசியில் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே கிடந்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று செம்பை நீட்டுவேன். ஒரு மடக்குக் குடித்து, என்னையே பார்த்துவிட்டு, மறுபடி தட்டுவாள். நான் மறுபடி செம்பை நிரப்பப் போவேன்.

போன வாரம் மண்டபத்தில், எழுந்து ஆட முடியாத ஒரு பெண் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

"இல்ல அண்ணாச்சி, தாளம் போடுதேன்" என்றாள்.

டாக்டரம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மண்டப வாசலில் பலகை வைக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் இந்த நோயோடு முதலில் ஆடியவள் என் அத்தை. தாளம் அடித்தவன் நான். அதை விட்டுவிடக் கூடாது.