ஜாக்கெட் போட்ட பிறகுதான் கலந்துரையாடல்

இரண்டாயிரங்களின் முதல் ஆண்டுகளில் ஒஸ்லோவில் ஓர் அங்கிலிக்கன் தேவாலயத்தில் எனக்கு அரைநேர வேலை கிடைத்தது. பதவியின் பெயர் வளர்ந்தோர் கல்வி ஒழுங்கமைப்பாளர். பெயரைக் கேட்டதும் என் கணவர், “வளந்த ஆக்களுக்கு இனி என்னத்தைப் படிப்பிக்கப் போறாய்?” என்றார். எனக்கும் தெரியாது. தெரியாது என்பதை நேர்முகத்தில் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான்.

வேலை எளிது. மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட வேண்டும். கோப்பி போட வேண்டும். ஒரு தலைப்பை வைத்து ஆட்களைக் கதைக்க வைக்க வேண்டும். ஆங்கிலக் குழு ஒன்று ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அவர்களைக் கதைக்க வைக்க யாரும் தேவையில்லை, நிறுத்தத்தான் ஆள் வேண்டும். என்னை எடுத்தது சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்க் குழு தொடங்குவதற்கு.

புறநகர்களான புருசெத்திலிருந்தும் ஸ்டோவ்னரிலிருந்தும் எங்கள் ஆட்கள் தெ-பான என்ற சுரங்க ரயிலில் வந்து இறங்கினார்கள். பாதிப்பேர் வேதக்காரரான கிறிஸ்தவர்கள், மீதிப்பேர் சைவக்காரர். பக்கத்து வீட்டார் வெளிக்கிட்டால் தாங்களும் வெளிக்கிடுவது எங்கள் வழக்கம். எங்கே போகிறோம் என்பதை ரயிலில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

குருவானவர் மார்கரெட் இங்கிலாந்துக்காரர். பெண் குருவை எங்கள் ஆட்கள் அதற்கு முன் கண்டதில்லை. “என்னை மார்கரெட் என்றே கூப்பிடுங்கள்” என்று முதல் நாளே கெஞ்சினார். ஒருவரும் கூப்பிடவில்லை. அவரைவிட வயதில் நன்றாக மூத்த இராசதுரை அண்ணைகூட எழுந்து நின்று, “ஓம், மார்கரெட் அம்மா” என்றார்.

பேசும் கல்

அன்றைய தலைப்பு கோபம். மார்கரெட் ஆங்கிலத்தில் அழகாகப் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். பிறகு, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

“அம்மா சொன்னது சரி” என்றார் இராசதுரை அண்ணை. வட்டம் முழுக்கத் தலை ஆடியது.

“நான் சொன்னதை மறுத்தும் பேசலாம்.”

“ஓம், அதுவும் சரி.”

மார்கரெட் விடுகிற ஆளில்லை. அடுத்த சனிக்கிழமை கடற்கரையில் பொறுக்கிய வழுவழுப்பான கல் ஒன்றைக் கொண்டுவந்தார். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் கேட்க வேண்டும். ஆங்கிலக் குழுவில் இது நன்றாக வேலை செய்ததாம். அங்கே கல்லைப் பிடுங்க வேண்டியிருந்திருக்கும்.

முதலில் கல்லை வாங்கியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த திலகா. பாலர் பாடசாலையில் வேலை, நாள் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல். அவரே கல்லை இரண்டு கையாலும் ஏந்தி, “பெரியவங்க முதல்ல சொல்லட்டும்” என்று பக்கத்தில் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் தன்னைவிட மூத்தவருக்குக் கொடுத்தார். அவர், “நீங்கள் சொல்லுங்கோ அண்ணை” என்று இராசதுரை அண்ணையிடம் நீட்டினார். இராசதுரை அண்ணை நல்ல சைவக்காரர். குருவானவர் தந்த கல்லைச் சும்மா வாங்கலாமா? கண்ணில் ஒற்றிக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அதைப் பார்த்து அடுத்தவரும் ஒற்றிக்கொண்டார். ஒரு சொல்லும் பேசாமல் கல் வட்டத்தைச் சுற்றி மார்கரெட்டிடமே போய்ச் சேர்ந்தது.

மார்கரெட்டின் கண் கலங்கிவிட்டது. “இவ்வளவு ஆழமான மௌனத்தை நான் கண்டதில்லை” என்று என் காதில் சொன்னார். எனக்குத் தலையைச் சுவரில் முட்ட வேண்டும்போல இருந்தது.

வாசலில் நடந்தது

இதே ஆட்கள்தான் கூட்டம் முடிந்ததும் என் உயிரை வாங்கினார்கள். மார்கரெட் நிறைவு ஜெபம் சொல்லித் தன் அறைக்குப் போனதும் எல்லாரும் வாசல் நடைக்கு வருவார்கள். குளிருக்கு ஜாக்கெட் போடுவார்கள், தொப்பி போடுவார்கள், சப்பாத்து மாட்டுவார்கள். “அப்ப போயிட்டு வாறம்” என்பார்கள். சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார்கள்.

“இராசதுரை அண்ணை, நீங்கள் அம்மா சொன்னது சரியெண்டனீங்கள். கோவம் வராமல் என்னெண்டு இருக்கிறது?” என்று ஒருவர் கிளப்புவார்.

“ஆர் சரியெண்டது? சபையிலை குருவானவரை மறுத்துக் கதைக்கேலுமே? என்ரை கருத்து வேறை!”

அவ்வளவுதான். மார்கரெட் வைத்திருந்த, இங்கிலாந்தில் எழுதிய பாடத்திட்டத்தில் இருந்த அத்தனை கேள்வியும், இல்லாத கேள்வியும், ஜாக்கெட்டுக்குள் வியர்த்து வழிய வழிய வாசலில் அலசப்படும். மண்டபத்தைப் பூட்ட வேண்டிய நான், “வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ” என்று கோழி விரட்டுவதுபோல விரட்டுவேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

இந்த நிலையில்தான் தேவாலயத்தை நிர்வகிக்கும் பங்குச் சபையில் பேச்சு எழுந்தது. பாடகர் குழுவுக்குச் சனிக்கிழமை மண்டபம் வேண்டும். தமிழ்க் குழுவில் யாரும் பேசுவதில்லையாமே, பேசாத கலந்துரையாடலுக்கு மண்டபம் எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் என் வேலை போவது ஒரு பக்கம். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியிலும் ஹோட்டலிலும் துடைத்துக் கூட்டுகிற ஆட்கள், வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகளையும் தவிர வேறு ஏதாவது கதைத்தது அந்த வாசலில்தான். அது நின்றுவிடக்கூடாது என்று நான் மனதார விரும்பினேன்.

ஆர்ன வந்த நாள்

குழுவைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லச் சபை ஆர்ன என்பவரை அனுப்பியது. ஆங்கிலேயப் பெண்ணைக் கட்டியதால் எங்கள் தேவாலயத்துக்கு வந்த நோர்வேக்காரர். ஓய்வுபெற்ற பொறியியலாளர், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார்.

அன்றைய தலைப்பு, மன்னிப்புக் கேட்காதவரை மன்னிக்க வேண்டுமா? நான் முன்கூட்டியே எல்லாருக்கும் போன் எடுத்துக் கெஞ்சியிருந்தேன். “ஓம், கட்டாயம் கதைக்கிறம்” என்றார்கள். வந்து பார்த்தால் சபையிலிருந்து பெரிய ஆள் வந்திருக்கிறார். வழக்கத்தைவிட மரியாதை கூடிவிட்டது. திலகாகூட வாயைத் திறக்கவில்லை.

“சுவாரசியமாக இருந்தது” என்று ஆர்ன எழுந்தார். நோர்வேக்காரர் அப்படிச் சொன்னால் கதை முடிந்தது என்று பொருள். மார்கரெட்டின் முகம் வாடிவிட்டது.

ஆர்ன வாசலுக்குப் போய் ஒரு சப்பாத்தை மாட்டினார். மற்றதை மாட்டுவதற்குள் எங்கள் கூட்டம் வந்து அவரைச் சூழ்ந்துவிட்டது. ஜாக்கெட்டுகள் ஏறின.

“கேக்காதவனை என்னெண்டு மன்னிக்கிறது?” என்று இராசதுரை அண்ணை தொடங்கினார். “அவன் வந்து கேக்கட்டும் முதல்லை!”

“அவன் வராட்டி? சாகுமட்டும் பாத்துக்கிட்டு இரிக்கப் போறீங்களா?” என்று திலகா கதவில் சாய்ந்தார். இனி ஒருவரும் வெளியே போக முடியாது.

ஆர்ன திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். “சண்டையா?”

“இல்லை, கலந்துரையாடல்.”

“அது முடிந்துவிட்டதே?”

“இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.”

அவர் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றார். நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கக் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, “அந்தப் பெரியவர் சொல்வது சரி. என் அண்ணன் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை” என்றார்.

உடனே எல்லாரும் ஒரேயடியாக நோர்வே மொழியில் அவர்மேல் பாய்ந்தார்கள். கூடப் பிறந்த அண்ணனா? எங்கே இருக்கிறார்? என்ன நடந்தது? பாவம் மனிதர், பெற்ற தகப்பன்கூட இப்படி விசாரித்திருக்க மாட்டார். தகப்பன் இருவருக்கும் பொதுவாக மலையில் ஒரு விடுமுறைக் குடில் விட்டுப் போயிருக்கிறார். அண்ணன் இவரைக் கேட்காமல் அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். அன்று நின்ற பேச்சு, பல வருடமாகிவிட்டது.

இராசதுரை அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. “நான் காணி வேலிச் சண்டை எங்கடை ஆக்களுக்கு மட்டுந்தான் எண்டெல்லோ நினைச்சனான்!” என்று தமிழில் என்னிடம் சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

திலகா ஆர்னவின் கையைப் பிடித்துக்கொண்டார். “பெயின்ட்டுக்காகவா? இந்தக் கிழமை அண்ணனுக்குப் போன் எடுங்க. வாற சனிக்கிழமை எனக்குப் பதில் சொல்லணும்.” பாலர் பாடசாலைக் குரல். ஆர்ன தலையாட்டினார்.

சபை கூடியபோது

“மண்டபத்துக்குள் நடந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை” என்று ஆர்ன தொடங்கினார். “உண்மையாகவே ஒன்றுமில்லை.” மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுக்க நான் பையைத் துழாவினேன். “ஆனால் குழுவை நிறுத்த நான் சம்மதிக்க மாட்டேன். சனிக்கிழமை நான் திலகாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.”

“என்ன பதில்?” என்றார் தலைவர்.

“என் அண்ணனோடு பேசினேன் என்று.”

“பேசிவிட்டீர்களா?”

“இன்னும் இல்லை. அதற்குத்தான் சனிக்கிழமை வேண்டும்.”

பாடகர் குழு வியாழனுக்குப் போனது. சனிக்கிழமை ஆர்ன வந்து, போன் எடுத்ததாகத் திலகாவிடம் சொன்னார். அண்ணன், குடிலின் பின்பக்கச் சுவர் இன்னும் பெயின்ட் அடிக்காமல் கிடக்கிறது, வந்து கை கொடுக்கிறாயா என்று கேட்டாராம்.

“அப்ப மன்னிப்புக் கேக்கேல்லை” என்றார் இராசதுரை அண்ணை. மறுபடியும் தொடங்கியது.

அதன்பின் மார்கரெட் முறையை மாற்றினார். தலைப்பைச் சொல்லி, சுருக்கமாகப் பேசி, நிறைவு ஜெபத்தையும் முடித்துவிட்டு முதல் ஆளாக ஜாக்கெட்டை மாட்டி வாசலில் போய் நிற்பார். அங்கே நின்றபோதுதான் அவரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசினார்கள்.

இப்போது இந்த வேலையைப் பார்க்கிற இளையவர்கள், நல்ல கலந்துரையாடலுக்கு வழி என்ன என்று என்னிடம் கேட்பார்கள். கல், அட்டை, வட்டம் எல்லாம் உங்கள் விருப்பம் என்பேன். கூட்டத்தை மட்டும் சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுங்கள். முடிந்த பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மண்டபத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.