டீச்சரின் பேட்டரியில் விழுந்த பூட்டு

கம்பத்தில் பேட்டரி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் பண்ணைப்புரத்திலிருந்து ஒரு டீச்சர் கணவரோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நடக்க முடியாதவர். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்கூடம் போய் வருவார். போன வாரம் அது நடுரோட்டில் நின்றுவிட்டது.

"இந்த மாடலே இப்ப வர்றதில்லையாம் தம்பி. மதுரையில குப்பையில போடச் சொல்லிட்டாக," என்றார்.

அவர்கள் கொண்டு வந்த பேட்டரியை அளந்து பார்த்தேன். செல்களில் மின்சாரம் இருந்தது. ஆனால் வெளியே வரவில்லை. பேட்டரியைக் காவல் காக்கிற சிப் ஏதோ ஆபத்து என்று பூட்டிக்கொண்டிருந்தது. பழைய சிப் அது. அதற்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன நினைவு அறைகள் உண்டு. பாதி அறைகளுக்குத்தான் கம்பெனி விளக்கம் கொடுத்திருந்தது. மீதியைத் தொடாதே என்று மட்டும் எழுதியிருந்தது. பூட்டு அந்த மீதியில்தான் எங்கேயோ இருக்க வேண்டும்.

நல்லவேளை, அதே சிப் உள்ள, கழித்துப் போட்ட ஒரு காயலான் பேட்டரி என் கடையில் கிடந்தது. இரண்டையும் கம்ப்யூட்டரில் இணைத்து, அறை அறையாகப் படித்து ஒப்பிட்டேன். ஓர் அறையில், காயலான் சிப்பில் பூஜ்யம். டீச்சருடையதில் வேறு எண். அந்த எண்ணைக் காயலான் சிப்பில் எழுதியதும் அதுவும் பூட்டிக்கொண்டது. திரும்பப் பூஜ்யம் எழுதினேன், திறந்தது. இதுதான் பூட்டு.

இருந்தும் டீச்சருடையதில் கை வைக்கப் பயமாக இருந்தது. தப்பாகப் போனால் சிப் செத்துவிடும். மாற்றுச் சிப் எங்கும் கிடைக்காது.

"எழுதட்டுமா டீச்சர்?"

"எழுதுங்க தம்பி. நான் கண்ண மூடிக்கிறேன்."

எழுதினேன். சிப்பிடமிருந்து பதிலே இல்லை. கம்பியைக் கழற்றி மறுபடி மாட்டினேன். பதில் வந்தது, மின்சாரமும் வந்தது. டீச்சர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

எனக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை. சிப் ஏன் பூட்டியது? பக்கத்து அறைகளை மறுபடி பார்த்தேன். ஒன்றில் இருந்த எண், காயலான் சிப்பில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பேட்டரி எட்டிய உச்ச சூடாக இருக்குமோ? நிச்சயமாகத் தெரியாது. ஆனால் இந்தப் பெட்டிக்கு மேலேதான் அவர் உட்காரப் போகிறார்.

"இத இப்படியே தரமாட்டேன் டீச்சர்."

"அதான் ஓடுதுல்ல? எத்தன நாளா வீட்டுக்குள்ளயே கெடக்கேன் தெரியுமா?" அவர் குரல் உயர்ந்தது.

"திறந்து பாத்துட்டுத் தர்றேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மேலுறையை அறுத்துப் பிரித்தேன். நடுவில் ஒரு செல்லை இணைக்கும் தகடு விட்டுப்போய், அதைச் சுற்றி பிளாஸ்டிக் கருகியிருந்தது. அவருக்குக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"இதுமேலயா உக்காந்து போனேன்?"

அந்த வரிசையில் புதுச் செல்கள் வைத்து, தகட்டை மாற்றி, முழுதாகச் சார்ஜ் ஏற்றி, சூடாகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தேன். அதற்குப் பிறகும் மனசு அடங்கவில்லை. அடிக்கடி போன் போட்டு, "சூடாகுதா டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் ஒரு நாள், "க்ளாஸ்ல இருக்கேன் தம்பி, வைங்க," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.