மதினியின் முழங்கால் நேர்ச்சை

என் மதினி சகாயராணிக்கு யோசனை வருவதற்கு முன்னால் வாய் வந்துவிடும். போன வருடத் திருவிழாவில் அந்த வாய்தான் அவளை மாட்டிவிட்டது. அண்ணன் பெண்டாட்டி என்றாலும் ஒரே வயது என்பதால் வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம்.

தேவாரத்துக்கும் பண்ணைப்புரத்துக்கும் இடையில் எங்கள் ஊர். திராட்சைத் தோட்டத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியில் பழம் அடுக்குவது மதினியின் வேலை. உட்கார்ந்து உட்கார்ந்தோ, வயதாகியோ, வலது முட்டி வீங்கிவிட்டது. உட்கார்ந்தால் எழ முடியாது. எங்கள் மாதா கோயிலில் ஜெபமாலை சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். முழங்காலில் நின்று தொடங்குவாள், கண்ணீரோடு முடிப்பாள். ஊர் அதைப் பக்தி என்று நினைத்தது. வலி என்று எனக்குத் தெரியும்.

தேர் நிலைக்கு வந்த அன்று கோயிலுக்குள் பெண்கள் பக்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"தாயே, இந்த வலிய மட்டும் எறக்கி வையி. அடுத்த திருநாளுக்கு வாசப்படியில இருந்து ஒம் பீடம் வரைக்கும் முட்டிபோட்டே வாரேன்!"

முட்டி வலிக்கு முட்டிபோட்டு நேர்ச்சை! என் மதினியால்தான் முடியும்.

அவளைத் தேனிக்கு இழுத்துப் போனது நான்தான். எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். தேய்மானம், இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, பயிற்சி செய்யட்டும் என்றார். பிசியோதெரபி பார்க்கும் தமிழ்மாறன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, காலை நேராக நீட்டிப் பிடித்து மெதுவாக இறக்கச் சொன்னான்.

"வலிக்கிற கால ஆட்டக் கூடாதுல்ல தம்பி?"

"ஆட்டாமப் போட்டாத்தான்ம்மா தொடைச் சதை இளைக்கும். அது இளைச்சா பாரம் பூராவும் முட்டியில எறங்கும்."

மதினி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். உப்புப் பாக்கெட்டைத் துணியில் சுருட்டிக் கணுக்காலில் கட்டி, டிவி பார்த்தபடியே கால் நீட்டினாள். ராத்திரிச் சோற்றைக் குறைத்தாள். "அடுக்குற வேலைய வேற ஆளுக்குக் குடுங்க, நான் நின்னுக்கிட்டே குலை வெட்டுறேன்" என்று தோட்டத்தில் சண்டை போட்டு வாங்கினாள். பலன் சட்டென்று வரவில்லை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள், ஆனால் பயிற்சியை விடவில்லை. தை பிறந்தபோது என் கையைப் பிடிக்காமல் பஸ் படியேறினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த திருவிழா நெருங்கியது. "நேர்ச்சை எப்ப?" என்று பக்கத்து வீட்டு லூர்து மேரி தினமும் கேட்டாள். தமிழ்மாறனிடம் சொன்னோம். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தேஞ்சது தேஞ்சதுதான்ம்மா. சதைய வளத்து வலிய அடக்கி வச்சிருக்கோம். கல்லுத் தரையில முட்டிபோட்டு நடந்தா பழையபடி வீங்கிரும்."

பங்குச் சாமியார், நேர்ச்சையை வேறு புண்ணியமாக மாற்றித் தருகிறேன் என்றார். "மாதாகிட்டச் சொன்னத மாதாகிட்டத்தான் பேசணும் ஃபாதர்" என்று மதினி எழுந்து வந்துவிட்டாள். செய்தால் முட்டி போகும், செய்யாவிட்டால் ஊரில் பேர் போகும்.

திருநாள் பூசை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மதினி வாசற்படியில் நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். குனியப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள். கம்பு இல்லை, யார் தோளும் இல்லை. பீடத்துக்கு முன்னால் நின்று, போன வருடத்தைவிட உரக்கச் சொன்னாள்.

"தாயே, நீ குடுத்த முட்டிய ஒன் வாசல்லயே தேச்சுப்புட்டு, மறுபடி ஒங்கிட்டயே வந்து அழுகவா? நடக்கக் குடுத்த, நடந்து வந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. லூர்து மேரி முகத்தைச் சுளித்தாள். மதினி யாரையும் பார்க்கவில்லை. ஓரத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஜெபமாலையைத் தொடங்கினாள். எல்லோரும் முழங்காலில் நின்றோம்.

கொஞ்ச நேரத்தில் யாரோ என் சேலையை இழுத்தார்கள். லூர்து மேரி.

"மெர்லினு, எனக்கும் ஒரு நாற்காலி எடுத்துப் போடு தாயி. ரொம்ப நாளாவே முடியல, வெளிய சொல்லல."

அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். கோயிலில் அத்தனை நாற்காலி இல்லை. பள்ளிக்கூடத்தைத் திறக்கச் சொல்லி ஓடினேன்.