துருவியின் விடுமுறை நாட்கள்

வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதையாவது கேட்க ஆரம்பித்தால், தேங்காய் மூடியில் ஓடு தெரியும்வரை விடமாட்டாள் என்று அண்ணன் வைத்த பெயர் அது. மருந்தியல் படிக்க வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய அன்றும், "அங்கயாவது வாயை மூடிக்கிட்டு இரு" என்று சொல்லித்தான் வழியனுப்பினான்.

அவன் வாய் முகூர்த்தமோ என்னவோ, போன இடத்தில் அவள் வாய் அடைத்துத்தான் போனது. முதல் வாரம் வகுப்பில் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். அந்த ஊர் மொழியைப் புத்தகத்தில் கற்றவள். இழுக்கக் கூடாத இடத்தில் ஒரு சொல்லை இழுத்துவிட்டாள். பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதோடு சரி. பிறகு கையே தூக்கவில்லை.

விடுமுறை நாட்களில் அறைத்தோழி மத்தியானம்வரை போர்வைக்குள் கிடப்பாள். துருவிக்கு இருப்புக் கொள்ளாது. பஸ் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கடற்கரை. அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து, வகுப்பில் கேட்காமல் விழுங்கிய கேள்விகளை எல்லாம் அந்த ஊர் மொழியிலேயே சத்தமாகக் கேட்பாள். கடலுக்கு உச்சரிப்பைப் பற்றி என்ன கவலை?

எதிரே, கடலுக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு பாறைமேடு. அதன்மேல் ஒற்றை வீடு. கொடியில் துணி காயும். ஆள் மட்டும் கண்ணில் படாது. யார் இருக்கிறார்கள்? கடைகண்ணிக்கு எப்படிப் போவார்கள்? மண்டை குடைந்தது. அம்மாவிடம் போனில் சொன்னாள்.

"படிக்கப் போனியா, அடுத்தவங்க கொடியில என்ன காயுதுன்னு பாக்கப் போனியா?" என்று அம்மா ஒரு பிடி பிடித்தாள். பிறகு, "ஆமா, குடிதண்ணிக்கு என்னடி பண்ணுவாங்க?" என்றாள்.

ஒரு விடுமுறையன்று வழக்கத்தைவிடச் சீக்கிரம் போனபோது கடல் உள்வாங்கிக் கிடந்தது. கரையிலிருந்து பாறைமேடுவரை கற்கள் பதித்த பாதை தெரிந்தது. துருவி ஒரு கணம் தயங்கினாள். அவ்வளவுதான், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். காதில் ஹெட்போன். உதட்டில் விரலை வைத்து, நாற்காலியைக் காட்டிவிட்டு, "கோவப்படாதீங்க சார். ஆள் அனுப்பியாச்சு, இப்ப கரண்ட் வந்துடும்" என்று யாரிடமோ குழைந்தாள். ஊரில் மின்சாரம் போனால் திட்டு வாங்குவதுதான் அவள் வேலை. வீட்டிலிருந்தபடியே பார்க்கிறாள்.

அழைப்பு முடிந்ததும் திரும்பினாள். "ஒருவழியா வந்துட்டியா? நீ எப்ப வருவேன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

"என்னைத் தெரியுமா?"

"தெரியாமலா? லீவு விட்டா போதும், கல்லுல உக்காந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசற. ஆனா பக்கத்துல யாரும் இல்ல. எனக்குத் தலையே வெடிச்சுடும் போல இருக்கு. யார்கூடப் பேசற?"

துருவிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இழுத்த சொல், பின் வரிசைச் சிரிப்பு, எல்லாவற்றையும் கொட்டினாள். கொட்டி முடித்து ஜன்னல் வழியே பார்த்தால் பாதையைக் காணோம். தண்ணீர் ஏறியிருந்தது.

"சாயந்திரம்தான் வழி விடும். பயப்படாத, எனக்கும் பேச்சுத்துணை" என்றாள் போன்காரி.

அப்புறம் துருவியைப் பிடிக்கவா முடியும்? தண்ணீர் எங்கிருந்து? கூரையில் விழும் மழைநீர், பின்னால் தொட்டியில். தனியாக இருக்கப் பயமில்லையா?

"கல்யாணம் முறிஞ்சதும் இங்க வந்தேன். ஆளாளுக்குப் புத்தி சொல்ல வந்தாங்க. இங்க பாதி நாள் சொந்தக்காரங்க யாரும் வர முடியாது பாரு, அந்த நிம்மதிக்கே இருந்துட்டேன்."

இடையிடையே அழைப்புகள் வந்தன. ஒருவர் கத்தியது துருவிக்கே கேட்டது. போன்காரி ஹெட்போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்து பதில் சொன்னாள்.

கடல் வழிவிட்டதும், துருவியின் விடுதி எங்கே என்று விசாரித்தபடி கரைவரை கூடவே வந்தாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் துருவிக்கு உறைத்தது: பகல் முழுக்க அந்த ஊர் மொழியில் வாய் ஓயாமல் பேசியிருக்கிறாள். எத்தனை சொல்லை இழுத்தாளோ, இருவருமே கவனிக்கவில்லை.

அடுத்த வகுப்பில் கை தூக்கினாள். எழுந்து கேள்வியைக் கேட்டாள். பின் வரிசையில் அதே சிரிப்பு கேட்டது. ஆனாலும் உட்காரவில்லை. ஆசிரியர் சொன்ன பதில் பாதிதான் புரிந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். சொன்னார். அதிலிருந்து இன்னொரு கேள்வி கிளம்பியது.

அடுத்த விடுமுறையன்று அவள் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது விடுதி அறைக் கதவு தட்டப்பட்டது. வெளியே போன்காரி.

"எனக்கும் இன்னிக்கு லீவு. உன் ரூம் எப்படி இருக்கும்னு பாக்கணும்" என்று உள்ளே வந்தவள் கட்டிலைத் தொட்டாள், அலமாரியைத் திறந்தாள். பிறகு போர்வைக்குள் கிடந்த உருவத்தைக் காட்டி, கிசுகிசுப்பாகக் கேட்டாள்:

"ஆமா, இந்தப் பொண்ணு எப்பதான் எழுந்திருக்கும்?"