என்ன வேண்டும் என்று எழுதாத கடிதம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பனியன் கம்பெனியில் கட்டிங் மேசையில் வேலை. துணியை வெட்டத் தெரியும்; ஆட்களிடம் பேசத்தான் வராது. எதிரே வருகிறவர்களைச் செருப்பை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும்.

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்த வருஷம், பெருமாநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு டீச்சர் புதிதாகச் சேர்ந்தார். பிள்ளைகளை அவரவர் படிப்புக்குத் தக்கபடி மூன்று பாயில் பிரித்து உட்கார வைத்தார். முதல் பாய்க்கு, பனியன் பெட்டி அட்டையை நறுக்கி ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை எழுதித் தருவார்; அதை அடுக்கி வாக்கியமாக்க வேண்டும். இரண்டாம் பாய்க்குப் பாதி வாக்கியம். மீதியை அவர்கள் முடிக்க வேண்டும். மூன்றாம் பாய் படத்தைப் பார்த்துத் தானாக எழுதும். என் மகள் முதல் பாய்.

இது அண்ணன் காதுக்குப் போனது. எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். என்னைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

"அட்டைய அடுக்கி வெளையாடறதுக்கு எதுக்குடா பள்ளிக்கூடம்? வர்ற திங்கக்கெழம கம்பெனிக்குத் தாட்டியுடு. பிசிறு வெட்டப் பழகட்டும்" என்றார்.

தைத்த பனியனில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை அது. எட்டு வயதுப் பிள்ளை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மகளை மூன்றாம் பாய்க்கு மாற்றிவிட்டால் அண்ணன் வாய் அடங்கும் என்று எனக்கு ஒரு யோசனை. டீச்சரிடம் கேட்கப் போனேன். முதல் நாள் அவரிடம் மணி என்ன என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். மறுநாள் பள்ளிக்கூடத்துப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். பிறகு, கடிதமே மேல் என்று உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரிந்த கடிதம் ஒரே மாதிரிதான். தினமும் எங்கள் தெரு வழியாகவே நடந்து போகிற டீச்சருக்கு, 'இவ்விடம் யாவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தேன். மழை இல்லாதது, கம்பெனியில் ஆர்டர் குறைந்தது, அண்ணன் சொன்னது, என் பல்வலி எல்லாம் ஒரே மூச்சில் போயின. இரண்டு பக்கம், கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி. மகளிடம் கொடுத்தனுப்பியபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, நாலு தடவ படிச்சேன். பல்லு இப்ப எப்புடி இருக்குதுங்க?"

"தேவலீங்க."

"எல்லாம் எழுதியிருக்கறீங்க. உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் எங்கயும் இல்லீங்களே?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான்.

"சரி, சித்த உக்காருங்க" என்று முதல் பாயைக் காட்டினார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் பாயிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், இவரு புதுசாச் சேந்திருக்காருங்களா?"

மூன்று பாயும் சிரித்தது.

டீச்சர் எனக்கு ஏழெட்டு வெற்று அட்டைகளைக் கொடுத்தார். "யாரு, எங்க, என்ன பண்ணோணும்? ஒரு அட்டைக்கு ஒரு வார்த்தைதானுங்க."

நான் பென்சிலைக் கடித்துக் கடித்து எழுதிக்கொண்டிருந்தபோது மகள் ஏழு அட்டைகளை மளமளவென்று அடுக்கிப் படித்தாள்: "எங்கள் வீட்டு ஆடு நேற்று இரண்டு குட்டி போட்டது." போன மாதம் மூன்று அட்டைக்கே முழித்தவள். பிறகு என் அட்டைகளை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, மழைய எடுத்துப்போடுங்க. அது இதுல சேராதுங்க."

எடுத்துப்போட்டேன். பாயை மாற்றச் சொல்லிக் கேட்க எழுதியிருந்ததையும் சேர்த்து எடுத்துப்போட்டேன். மிச்சம் நாலு அட்டை நின்றது: மகள், தினமும், பள்ளிக்கூடம், வருவாள்.

டீச்சர் குனிந்து படித்தார். "நல்லா இருக்குதுங்க. ஆனா இத எங்கிட்டச் சொல்லி என்ன பண்றதுங்க? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுங்க."

சாயங்காலம் அண்ணன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் முணுமுணுத்துப் பழகியதைச் சொன்னேன்.

"புள்ள பள்ளிக்கூடந்தான் போகுமுங்ணா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்பறம்?"

அதற்கு மேல் நான் எதுவும் தயார் செய்திருக்கவில்லை. அதனால் அதையே மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னபோது என் சத்தத்துக்கு நானே பயந்துவிட்டேன்.

"ஏன்டா கத்தற? காது கேக்குது எனக்கு. போகட்டும் போ" என்றார்.

திங்கட்கிழமை மகள் பள்ளிக்கூடம் போனாள், முதல் பாய்க்கே.