பயில்வானுக்குப் போட்ட ஊசி

டெய்லரக்கா வாய் இருக்கே, அதப் பாத்தா அவ கத்திரிக்கோலே வெக்கப்பட்டு மழுங்கிப்போகும். ஒருத்தர் தொப்பையச் சுத்த டேப்பு பத்தலன்னு, "மீதிய நாளைக்கு அளக்கறேன், போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிச்சவ. ரத்தப் புத்துநோய் வந்து ஒடம்பு பாதியாப் போனப்பவும் அந்த வாய் மட்டும் ஒரு கிராம் எளைக்கல.

மருந்துல நோய் அடங்குச்சு. ஆனா திரும்ப வராம இருக்கணும்னா எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜைய வழிச்சு எறிஞ்சுட்டு, வேற ஆளோட ஸ்டெம் செல், அதான் ரத்தத்த ஊற வைக்கிற விதை, ஏத்தணும்னாரு டாக்டர். டெஸ்ட் எடுத்தா, தம்பியோடது அச்சு அசலாப் பொருந்துச்சு. அவன் வீடு மாத்தறவங்களுக்குச் சாமான் தூக்கறவன். பட்டப்பேரு பயில்வான். பீரோவ முதுகுல வெச்சு மூணு மாடி ஏறுவான். சாயந்தரம் கதை சொல்றப்ப அது பதிமூணு மாடி.

"ஸ்டெம் செல்லா? ரெண்டு வாளி எடுத்துக்கங்க டாக்டர்!"

வாளியெல்லாம் வேணாம், நாலு நாள் ஊசி, அஞ்சாம் நாள் ரத்தத்துலேருந்து செல்ல வடிக்கிற மெஷின் பக்கத்துல உக்காந்தாப் போதும்னாங்க. அந்தப் பக்கம் அக்காவக் கண்ணாடி ரூம்ல போட்டு, கடும் மருந்து ஏத்தி, இருந்த மஜ்ஜையத் தொடைச்சாச்சு.

மூணாவது ஊசியில பயில்வானுக்கு இடுப்பெலும்பு கொடைய ஆரம்பிச்சுது. செல்லு பெருகறப்ப அப்படித்தான் வலிக்கும்னு நர்ஸ் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. ஐயா அப்ப பீரோ கதையில இருந்தாரு, காதுல எங்க விழும்? அக்காவுக்கும் மொதல்ல எலும்புதானே வலிச்சுது! சீக்கு தனக்கும் தொத்திக்கிச்சுன்னு முடிவு கட்டி, நாலாவது ஊசிக்குப் போகாம போர்வைக்குள்ள பூந்துக்கிட்டாரு.

விஷயம் தெரிஞ்சதும் அக்கா போனப் போட்டா.

"எனக்கும் வந்துருச்சுக்கா. எம்பொண்டாட்டியப் பாத்துக்க."

"நான் எங்கடா பாத்துக்கறது? அது சீக்கு இல்லடா தடிமாடு! பொறந்ததுலேருந்து உன் எலும்பு இன்னிக்குத்தான் ஒழுங்கா வேல செய்யுது!"

"வலிக்குதுக்கா..."

அக்கா சொன்னா: "பழைய தையலப் பூராப் பிரிச்சுட்டாங்கடா. நீ வரலன்னா செத்துருவேன்."

கிண்டல் இல்லாம அக்கா பேசி அவன் கேட்டதே இல்ல. போர்வையோடயே ஓடிப் போய்க் கைய நீட்டினான்.

மறுநாள் நாலு மணி நேரம் மெஷின். வந்தது ஒரு குட்டிப் பை. கண்ணாடிக்கு வெளிய நின்னு போன்ல மொனகினான்: "இவ்வளவுதானாக்கா?"

"உன்னப் பிழிஞ்சா வேற எவ்வளவுடா தேறும்?" கடும் மருந்துல வாயெல்லாம் புண்ணு, ஆனாலும் சொல்லிட்டா.

பை ஏறிடுச்சு. அதுக்கப்புறம் தெனமும் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. வெள்ளணு எண்ணிக்கை அசையவே இல்ல. பதினேழாம் நாள் ஏறுச்சு. அக்கா போன் பண்ணா.

"டேய், உன் செல்லு முளைச்சுருச்சுடா."

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சற சத்தம்.

"என்னடா, அழுவுறியா? கண்ணத் தொடைச்சுக்க, நாலு பேரு பாக்கப்போறாங்க."

"முதுகுல பிரிட்ஜ், கழுத்துல இடுக்கின போன் இருக்குக்கா. கை எங்க இருக்கு?"

"மொதல்ல அத எறக்கி வைடா, மடையா!"